மூன்று மாதம் பழைய சேதி

பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும் என்பார்கள் எங்கள் ஊர்ப் பெண்கள். மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், சுங்கை பாக்காப்பைச் சுற்றியிருந்த தோட்டங்களில் பிறந்து, பிறகு தாமான் குடியிருப்பு வீடுகளுக்குக் குடிவந்த தலைமுறை அது. எதிர்வீட்டு அக்காவுக்குத் தலைப்பிள்ளை பிறந்து நாலாவது மாதம் நடக்கிறது. கார் நிறுத்தும் போர்ச்சில் நாற்காலி போட்டுத் தலை வாரிக்கொண்டிருந்தவர், சீப்பில் சுற்றி வந்ததை உருவி மாமியாரிடம் நீட்டினார்.

"இங்க பாருங்க அத்தை, வேரோட வருது. இப்படியே போனா வழுக்கதான்."

"புள்ள மொகம் பாக்குதுல்ல, கொட்டத்தான் செய்யும். உன் வீட்டுக்காரன் பொறந்தப்ப எனக்குங் கை கொள்ளாம கொட்டுச்சு. தானா வரும், விடு."

மாமியாரின் காலக்கணக்கில் பிசகில்லை. குழந்தை ஆறு, எட்டு வாரத்தில் முகம் பார்த்துச் சிரிக்கும்; மூன்று, நான்கு மாதத்தில் அம்மாவை அடையாளம் கண்டு கையைக் காலை உதைக்கும். பிரசவித்தவளுக்கு முடி உதிர்வதும் இரண்டாம் மாதத்திலிருந்து நான்காம் மாதத்துக்குள்தான் தொடங்குகிறது. ஒன்றுக்கு மற்றது காரணமில்லை. இரண்டையும் தொடங்கி வைத்தது பிரசவம். கர்ப்ப காலத்தில் ஏறிக் கிடக்கும் ஈஸ்ட்ரோஜென், ஓய்வுக்குப் போகவேண்டிய முடியையும் வளர்ச்சியிலேயே நிறுத்தி வைத்திருக்கும். அந்த மாதங்களில் கூந்தல் வழக்கத்தைவிட அடர்த்தியாகத் தெரியும். வயிற்றுப் பிள்ளைக்காரியின் முகக்களை என்று அதையும் சேர்த்தே சொல்வோம். பிரசவத்தோடு அந்த ஹார்மோன் சட்டென்று இறங்குகிறது. காத்துக்கிடந்த முடியெல்லாம் ஒன்றாக ஓய்வுக்குத் திரும்பி, ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து ஒன்றாக உதிர்கிறது.

கவனித்துப் பார்த்தால், அந்த வாரங்களில் பிள்ளைக்கும் பின்மண்டையில் முடி இருக்காது. ஸ்பிரிங் தொட்டிலில் தலை தேய்ந்து போய்விட்டது என்று தலையணையை மாற்றுவோம். தேய்வது உண்மைதான் என்றாலும் கதை அதற்கு முன்பே முடிந்துவிட்டது. கருவிலிருக்கும் குழந்தையின் முன்தலை முடி பிறப்பதற்குச் சில வாரங்கள் முன்பே ஒரு சுற்று ஓய்வுக்குப் போய் வந்துவிடும். பின்மண்டை முடி மட்டும் பிறக்கும் வேளையில்தான் ஓய்வுக்குப் போகும். எட்டு, பன்னிரண்டு வாரம் கழித்து அது உதிரும். தாயும் பிள்ளையும் ஒரே நாளை எண்ணி ஒரே காலத்தில் உதிர்க்கிறார்கள். நோட்டு வைத்துக் குறிக்காமல், அக்கம்பக்கத்துப் பிரசவங்களைக் கண்ணால் பார்த்தே இந்தக் காலத்தைப் பிடித்திருக்கிறார்கள் பாட்டிமார். மருத்துவம் இவ்வகை உதிர்வுக்குப் பெயர் வைத்தது 1961இல்தான்.

அக்கா வேர் என்று காட்டியதைப் பற்றியும் சொல்லவேண்டும். அந்தக் கற்றையிலிருந்து ஒரு முடியை எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தால் ஒன்றும் தெரியாது. கறுப்புத் துணியில் வைத்துப் பார்க்கவேண்டும். கைப்பேசி கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, கருமுடியின் ஒரு நுனியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு வெள்ளைக் குமிழ் தெரிந்தது. உலர்ந்து இறுகிய குமிழ். இதைக் கண்டுதான் வேரோடு போய்விட்டது என்று எல்லோரும் பதறுகிறோம். ஆனால் முடியை உண்டாக்கும் இடம் தலைக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது. ஒரு முடியின் வளர்ச்சி முடியும் கட்டத்தில் நிறம் போடும் செல்கள்தான் முதலில் வேலையை நிறுத்துகின்றன. அதற்குப் பிறகு உருவாகும் கடைசித் துளி நிறமில்லாமலே கெட்டிப்படுகிறது. ஆகவே வெள்ளைக் குமிழோடு வரும் முடி முறைப்படி ஓய்வெடுத்து முடித்து வந்த முடி. வளர்ந்துகொண்டிருக்கும் முடியை வம்பாகப் பிடுங்கினால் அடிப்பகுதி கறுத்து, ஈரமாக, உறையோடு வளைந்து வரும். அக்காவின் கற்றையில் அப்படி ஒன்றுகூட இல்லை.

மனிதத் தலையில் ஏறத்தாழ 1,00,000 மயிர்க்கால்கள். உடல் முழுக்கக் கணக்கெடுத்தால் 50 லட்சம். அத்தனையும் கருவின் ஐந்தாம் மாதத்துக்குள் போடப்பட்டவை. பிறந்தபின் புதிதாக ஒன்றும் சேர்வதில்லை. கொடுத்ததை வைத்தே காலம் தள்ளவேண்டும் என்பதால்தானோ என்னவோ, இந்த உறுப்புக்கு மட்டும் உடம்பு ஒரு விசித்திரமான ஏற்பாட்டைச் செய்து வைத்திருக்கிறது. வளர்ந்த மனிதனின் உடலில் தன்னைத் தானே இடித்து, திரும்ப முழுசாகக் கட்டிக்கொள்வதை ஆயுள் முழுவதும் செய்துகொண்டிருக்கும் உறுப்பு வேறெதையும் இவ்வளவு தெளிவாகக் காட்டமுடியாது.

முதலாவது, வளர்ச்சி. தலைமுடிக்கு இந்தக் காலம் 2 முதல் 6 ஆண்டு. நாளுக்கு 0.35 மில்லிமீட்டர், மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற வேகம். கூந்தல் இடுப்பைத் தாண்ட மாட்டேனென்கிறது என்று சிலர் வருத்தப்படுவார்கள். அவர்களுடைய வளர்ச்சிக் காலம் அவ்வளவுதான். புருவத்துக்கு அது சில வாரம், போனால் சில மாதம். அதனால்தான் புருவத்தைப் பின்னிப்போடும் நிலை யாருக்கும் வருவதில்லை. வளர்ச்சிக் காலத்தில் மயிர்க்கால் தோலைத் தாண்டி அடிக்கொழுப்புவரை இறங்கியிருக்கும். அதன் அடியில் பாப்பில்லா என்ற சிறு செல்திரள் உட்கார்ந்து மேலே இருப்பவற்றை ஏவிக்கொண்டிருக்கும்.

பிறகு ஒருநாள் இடிப்பு தொடங்குகிறது. இரண்டு, மூன்று வாரம்தான். மயிர்க்காலின் கீழ் மூன்றில் இரண்டு பங்குச் செல்கள் வரிசையாகத் தாமே மடிகின்றன. நோய் கிடையாது, காயம் கிடையாது. சீழில்லாமல், வலியில்லாமல், திட்டப்படி நடக்கும் சாவு. பாப்பில்லா மட்டும் சாவதில்லை. சுருங்கும் இழையோடு மேலே ஏறி, மேற்புறத்தில் ஒரு சிறு புடைப்புக்கு அடியில் வந்து நிற்கும். புதிய மயிர்க்காலைக் கட்டும் ஸ்டெம் செல்கள் அந்தப் புடைப்பில்தான் இருக்கின்றன என்பதை ஜார்ஜ் கோட்சாரெலிஸ், டுங்-டியென் சுன், ராபர்ட் லாவ்கர் மூவரும் 1990இல் காட்டினார்கள். அதுவரை அவை அடிக்குமிழில் இருப்பதாகவே நம்பிக்கை. அடிக்குமிழ்தான் ஒவ்வொரு சுற்றிலும் அழிந்துபோகிறதே, அழியும் இடத்தில் யாராவது விதையைச் சேமித்து வைப்பார்களா என்று முன்பே கேட்டிருக்கலாம். விடை தெரிந்தபிறகு கேட்பது சுலபம்.

மூன்றாவது, ஓய்வு. ஏறத்தாழ 100 நாள். முடி செத்துவிட்டது; ஆனால் விழவில்லை. குமிழ் முனையோடு தன் இடத்திலேயே செருகிக்கொண்டு நிற்கிறது. எந்த நேரத்திலும் தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு இப்படித்தான் நிற்கும். 10,000 முடி, 100 நாள், நாளுக்கு 100. தினமும் ஐம்பதிலிருந்து நூறு முடி வரை கொட்டுவது சகஜம் என்று டாக்டர்கள் சொல்வது இந்தக் கணக்கைத்தான்.

மூன்று கட்டங்களுக்கும் அனாஜென், கேட்டாஜென், டெலோஜென் என்று பெயரிட்டவர் பிரான்சிஸ் வில்லியம் டிரை. 1926இல் வெளியான அவருடைய கட்டுரை சுண்டெலியின் ரோமத்தைப் பற்றியது. மனிதர்களின் தலைக்கவலைக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. இரண்டு ஆண்டில் நியூசிலாந்துக்குப் போனவர், அங்கே முரட்டு ரோமம் வளரும் ரொம்னி ஆடுகளின் மரபணுவைத் துருவிக்கொண்டிருந்தார். கம்பளத்துக்கு உகந்த அந்த ஆட்டினத்துக்குப் பின்னால் அவர் பெயரையே ஒட்டி டிரைஸ்டேல் என்று வைத்தார்கள். இன்று உலகத்தில் முடி கொட்டுகிறவர்கள் அத்தனை பேரின் மருத்துவச் சீட்டிலும் வரும் சொற்கள், எலிக்கும் ஆட்டுக்கும் வாழ்க்கையைக் கொடுத்த ஒருவருடையவை.

டிரை பார்த்த எலிக்கும் நமக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. எலிக்குஞ்சின் ரோமம் அலையலையாக வளர்ந்து அலையலையாக ஓய்கிறது. ஒரு பகுதி முழுக்க ஒரே கட்டத்தில் இருக்கும். மனிதத் தலையில் பக்கத்துப் பக்கத்து மயிர்க்கால்கள்கூட ஒன்றையொன்று கேட்டுக்கொள்வதில்லை. வால்டோர் பக்கம் பால்மரம் வெட்டியவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். வருஷத் தொடக்கத்து வெயிலில் ரப்பர் காடு முழுக்க ஒரே வாட்டில் இலையைக் கொட்டிவிடும். நிழலே இருக்காது, துளிர் விட்டுத் தேறும்வரை பாலும் குறையும், சம்பளமும் குறையும். எலியின் ரோமம் அந்தக் காடு. நம் தலை அப்படியல்ல. அங்கொன்று இங்கொன்றாக உதிர்வதால் காடு எப்போதும் பச்சையாகவே தெரிகிறது. பிரசவமோ கடும் காய்ச்சலோ வந்தால்தான் மனிதத் தலை கொஞ்ச காலத்துக்கு ரப்பர் காடாகிறது. இந்த வட்டாரத்தில் முதலில் கரும்பு, பிறகு ரப்பர், இப்போது செம்பனை. செம்பனை மொத்தமாக இலை உதிர்ப்பதில்லை. இன்றைய பிள்ளைகளுக்கு வேறு உதாரணம் தேடவேண்டும்.

ரப்பர் இலை உதிரும் அதே பருவத்தில்தான் தைப்பூசம் வரும். சுங்கை பாக்காப்பிலிருந்து பினாங்குத் தீவுக்குப் போக இப்போது இரண்டாவது பாலம் பக்கம். 2014 மார்ச் 1இல் திறந்தது, பத்து காவானிலிருந்து பத்து மாவுங் வரை 24 கிலோமீட்டர். தண்ணீர்மலை முருகன் கோயிலில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட படி ஏறுவதற்குமுன் முடி இறக்குவோர் வரிசை. தமிழர் மட்டுமல்ல, சீனரும் வந்து உட்காருவார்கள். தலையை நனைத்து, புது பிளேடு மாற்றி, உச்சியிலிருந்து நெற்றிப்பக்கம் ஒரு இழுப்பு. பின்பு பிடரி. கடைசியில் குளிரக் குளிர சந்தனம். குழந்தை அழும், தாய்மாமன் மடியில் இறுக்கிப் பிடித்திருப்பார், அப்பா கைப்பேசியில் படம் எடுப்பார்.

பக்திக்காகச் செய்வது, ஆனால் ஆய்வுக்கூடம் செய்வதும் அதுவேதான். தலையில் சின்னஞ்சிறு வட்டம் மழித்து, படம் எடுத்து, இரண்டு மூன்று நாள் கழித்து அதே இடத்தை மறுபடி படம் எடுக்கும் முறை ஒன்று இருக்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 1970இல் இவ்வகையில் மனித முடியின் சுற்றைத் தொடர்ந்து பார்த்து எழுதினார்கள். மழித்த இடத்தில் மூன்றாம் நாள் ஒரு மில்லிமீட்டர் எழுந்திருந்தால் அது வளரும் முடி. எழாமல் தோல் மட்டத்திலேயே நிற்பது ஓய்விலிருக்கும் முடி. எண்ணிப் பார்த்து விகிதம் போட்டுவிடலாம். தைப்பூசம் முடிந்து மூன்றாம் நாள் வேலைக்குத் திரும்பும் ஒவ்வொரு மொட்டைத் தலையிலும் இந்தக் கணக்கு எழுதியிருக்கிறது. நூற்றில் எண்பத்தைந்து, தொண்ணூறு எழுந்துவிட்டிருக்கும், மிச்சம் தலைகாட்டாது. கலந்து நிற்பதால் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. தடவினால் சொரசொரப்பு மட்டும் தெரியும்.

மயிர்க்காலுக்கு மொட்டையடித்த விஷயமே தெரியாது என்பதுதான் இதில் வேடிக்கை. கத்தி தொடுவது உயிரில்லாத இழையை. சுற்று நடப்பது அதற்குப் பல மில்லிமீட்டர் கீழே. மழித்தால் அடர்த்தியாக வளரும் என்ற நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதல்ல. செயின்ட் லூயிஸ் நகரில் உடற்கூறியல் ஆசிரியையாக இருந்த மில்ட்ரெட் டிராட்டர் 1928இல் இதை அளந்தே பார்த்துவிட்டார். மழிப்பதால் நிறமும் மாறவில்லை, தடிமனும் மாறவில்லை, வேகமும் மாறவில்லை. (பின்னாளில் உலகப் போரில் இறந்த படைவீரர்களின் எலும்பிலிருந்து உயரத்தைக் கணிக்கும் சூத்திரங்களால் பெயர் பெற்றவரும் இவர்தான்.) குழந்தையின் முதல் முடி நுனியில் மெலிந்திருக்கும். மழித்தபின் வெட்டுப்பட்ட மொட்டை நுனியோடு வருவது தடித்ததுபோல் கைக்குத் தெரிகிறது, அவ்வளவுதான்.

ஆனால் மொட்டை போட்டபின் முடி நன்றாக வந்தது என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. வேண்டுதலின் காலத்தைப் பாருங்கள். படுத்த படுக்கையாகக் கிடக்கும்போது, முருகா, எழுந்து நடந்தால் முடி இறக்குகிறேன் என்று நேர்ந்துகொள்கிறோம். தேறி இரண்டு மூன்று மாதத்தில் முடி கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. தைப்பூசமும் வருகிறது. இறக்கியாயிற்று. அடுத்த ஆறு மாதத்தில் அடர்த்தியாக வளர்ந்துவிட்டது. வளர்ந்தது, காய்ச்சலால் ஓய்வுக்குப் போயிருந்த மயிர்க்கால்கள் தம் நூறு நாளை முடித்துக்கொண்டு திரும்பியதால். முருகன் இதில் எந்தப் பக்கமும் சாட்சி சொல்ல வரமாட்டான்.

முடியைப் பற்றி நாம் தவறாகப் புரிந்துகொள்வது எல்லாமே இந்த நூறு நாள் இடைவெளியில்தான் விளைகிறது. இன்று சீப்பில் வருவது மூன்று மாதத்துக்கு முந்தைய சேதி. சேதி கையில் கிடைக்கும்போது அனுப்பிய சம்பவம் மறந்திருக்கும். உடனே, பக்கத்தில் இன்று எது நிற்கிறதோ அதன்மேல் பழியைப் போடுகிறோம்.

பெரும்பாலும் அது தண்ணீர். தண்ணி மாறினால் முடி கொட்டும் என்பது தஞ்சாவூரிலும் சொல்வது, தைப்பிங்கிலும் சொல்வது. எங்கள் ஊரில் தண்ணீரைக் குற்றம் சொல்ல வேறு காரணங்களும் இருந்தன. 2024 ஜூலை 6இல் நடந்த சுங்கை பாக்காப் இடைத்தேர்தலில் குழாய்த் தண்ணீர் பேசுபொருளாக இருந்தது. ஆனால் ஊர்விட்டு ஊர்போய்ப் படிப்பிலோ வேலையிலோ சேரும் பிள்ளைக்குத் தண்ணீர் மட்டுமா மாறியது? பரீட்சைப் பதற்றம், வீட்டைப் பிரிந்த ஏக்கம், நேரந்தவறிய சாப்பாடு, இரவு ஷிப்டு எல்லாம் மாறின. இரண்டு மூன்று மாதம் கழித்து ஹாஸ்டல் குளியலறையில் முடி அடைத்துக்கொள்ளும்போது எதிரே தெரிவது குழாய்.

தொழிற்சாலைப் பெண்களின் குற்றவாளி வேறு. 1972இல் இன்டெல் பாயான் லெப்பாஸில் கடைவிரித்ததிலிருந்து பினாங்கின் பிழைப்பு சில்லுகளில் ஓடுகிறது. இப்போது பத்து காவானிலும் தொழிற்பேட்டை. விடியற்காலையில் எங்கள் தாமான் முனையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பவர்களில் பாதிப்பேர் சுத்த அறைக்குள் வேலை செய்கிறவர்கள். அங்கே ஒரு முடி விழுந்தால் அது தூசியல்ல, விபத்து. முடியின் தடிமன் 70 மைக்ரான் சுமார். அவர்கள் கையாளும் சில்லுகளின் கோடுகள் அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாதவை. ஆகவே முதலில் வலைத்தொப்பி, அதன்மேல் முக்காடு, பன்னிரண்டு மணி நேரம். ஷிப்டு முடிந்து தொப்பியைக் கழற்றினால் உள்ளே நாற்பது ஐம்பது முடி. தொப்பிதான் முடியைத் தின்கிறது என்று ஒரு தங்கை சத்தியம் செய்யாத குறை. நாளுக்கு நூறு என்றால் அரை நாளுக்கு ஐம்பது. மற்ற வேலை பார்க்கிறவர்களுக்கு அது பஸ்ஸிலும் சாலையிலும் சிந்திப் போகிறது, இவர்களுக்கு ஒன்றுவிடாமல் சேர்ந்துவிடுகிறது. இவ்வளவு நாணயமாக முடிக்கணக்கு வைத்திருப்பவர்கள் இந்த மாநிலத்தில் வேறு யாரும் இருக்கமுடியாது.

2021 ஆகஸ்டில் மலேசியாவில் ஒரே நாளில் 20,000 பேருக்குமேல் கோவிட் தொற்று பதிவான நாட்கள் இருந்தன. தீபாவளி நவம்பர் 4இல். அந்தத் தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்த பலருக்கும் கையோடு கற்றையாக வந்தது. தடுப்பூசி என்றார்கள் சிலர், சீயக்காய் கலப்படம் என்றார்கள் சிலர். ஆகஸ்டு மாதத்துக் காய்ச்சலை யாரும் விசாரணைக்கு அழைக்கவில்லை. டெங்கியும் டைபாய்டும் இதே வேலையைச் செய்யும். பெரிய ஆபரேஷனும், வீட்டில் ஒரு சாவும், கல்யாணத்துக்கு இளைக்கவேண்டும் என்று கிடந்த பட்டினியும்கூட. உடம்புக்கு நெருக்கடி என்றால் வளர்ந்துகொண்டிருக்கும் மயிர்க்கால்கள் கூட்டமாக வேலையை நிறுத்தி ஓய்வுக்குப் போய்விடுகின்றன. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆல்பெர்ட் கிளிக்மன் இதை ஒரே நோய்க்குறியாகக் கோத்து, டெலோஜென் எஃப்ளூவியம் என்று 1961இல் பெயரிட்டார். பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் கைதிகளின் தோலில் நடத்திய சோதனைகளால் பின்னாளில் பெயர் கெட்டவரும் அவர்தான். பெயர் நிலைத்துவிட்டது, மனிதரை நினைத்தால் நெருடுகிறது.

புற்றுநோய் மருந்தால் உதிர்வது இந்தக் கணக்கில் சேராது. அந்த மருந்து வளரும் செல்களையே நேராக அடிப்பதால் இரண்டு மூன்று வாரத்தில் தலை காலியாகிவிடும்; ஓய்வில் கிடந்த பத்தில் ஒரு பங்குதான் தப்பும். அங்கே தாமதம் இல்லை, அதனால் காரணத்தைப் பற்றிய சந்தேகமும் யாருக்கும் வருவதில்லை.

ஆண்களின் வழுக்கை இன்னொரு கதை. அதை எனக்குச் சரியாகச் சொன்னவர் ஒரு முடிதிருத்துநர். எங்கள் டவுனில் கடை. ஊர் தமிழ்நாட்டில். இந்தத் தொழிலுக்கு வெளிநாட்டு ஆள் எடுப்பதை அரசாங்கம் 2009இல் நிறுத்தியது. 2023இல்தான் முடிதிருத்தம், ஜவுளி, பொற்கொல்லர் மூன்றுக்கும் சேர்த்து 7,500 பேருக்கு வழி திறந்தது. அப்படி வந்தவர்.

"உச்சியில வழுக்கையாண்ணே?" என்று கண்ணாடியைப் பின்னால் பிடிக்கச் சொன்னேன்.

"முடி போகலண்ணே. இருக்கு. மெலிஞ்சுருச்சு. முன்ன கத்திரி வச்சா சத்தம் வரும், இப்ப வரல."

மருத்துவ நூல் நாலு பக்கம் எழுதுவது இதைத்தான். ஆண் வழுக்கையில் மயிர்க்கால் மறைவதில்லை. ஆண்டுக்கணக்கில் நீண்ட வளர்ச்சிக் காலம் ஒவ்வொரு சுற்றிலும் குறுகி, மாதமாகி, வாரமாகிறது. சுற்றுக்குச் சுற்று மயிர்க்காலும் சிறுத்து, கடைசியில் கன்னத்துப் பூனைமுடி அளவுக்கு வந்து நிற்கிறது. ஆண் ஹார்மோன் இல்லாமல் இது நடக்காது என்பதை ஜேம்ஸ் ஹாமில்டன் 1942இல் காட்டினார். பருவமடையும் முன்பே விதை நீக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழவில்லை. அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது, குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு விழுந்தது. பரம்பரையும் வேண்டும், ஹார்மோனும் வேண்டும்.

ஆனால் அதே ஹார்மோன் அதே மனிதரின் பிடரியில் ஒன்றும் செய்வதில்லை. அங்கிருந்து மயிர்க்காலைப் பெயர்த்து உச்சியில் நட்டால் அது உச்சியின் பழக்கத்துக்கு மாறாமல் பிடரியின் வழக்கப்படியே வளர்கிறது. நார்மன் ஓரென்ட்ரைக் 1959இல் எழுதிய இந்த ஒரு செய்தியின்மேல்தான் முடிநடவுத் தொழில் மொத்தமும் நிற்கிறது. மயிர்க்கால் தன் பஞ்சாங்கத்தைத் தானே சுமந்து செல்கிறது. இதை இன்னும் ஒருபடி மேலே கொண்டுபோனவர்கள் டர்ஹாம் பல்கலைக்கழகத்தின் காலின் ஜஹோடாவும் அவர் மனைவி அமாண்டா ரெனால்ட்ஸும். கணவரின் தலையிலிருந்து மயிர்க்காலின் அடியுறையைச் சேர்ந்த சில செல்களை எடுத்து மனைவியின் முன்கைத் தோலில் வைத்தார்கள். உடம்பு அதைத் தள்ளவில்லை. முன்கை முடியைவிடத் தடித்து, கறுத்து முளைத்தது. அதன் பாப்பில்லாவில் ஆண் குரோமோசோம் இருந்தது. 1999இல் நேச்சர் இதழில் வந்தது. கணவன் மனைவிக்குள் இப்படியொரு கொடுக்கல் வாங்கலை நம் சினிமாப் பாட்டுக்காரர்கள்கூட யோசித்ததில்லை.

இனி எண்ணெய்க்கு வரலாம். எங்கள் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் கூந்தல் தைலம் விற்கும் கடை இல்லாத வாரம் கிடையாது. பச்சை, செம்மண், கறுப்பு என்று மூன்று நிறப் பாட்டில், பிடரி தாண்டிய கூந்தலோடு ஒரு பெண்ணின் படம், முன் பின் என்று இரண்டு புகைப்படம். அந்தப் புகைப்படங்களை ஏமாற்று என்று தள்ளிவிட மனம் வருவதில்லை. பெரும்பாலும் அவை உண்மையாகவே இருக்கக்கூடும். உதிர்வு உச்சத்தில் இருக்கும்போதுதான் யாரும் எண்ணெய் வாங்குவார்கள். அந்த நேரத்தில் தலையில் எதைத் தடவினாலும் முடி வரத்தான் செய்யும். கரிசாலை தடவினாலும், தேங்காய் எண்ணெய் தடவினாலும், ஒன்றும் தடவாவிட்டாலும். விழும் முடிக்குக் கீழே புதியது ஏற்கெனவே கிளம்பியிருக்கிறது. மருந்தென்று நிரூபணமான மினாக்ஸிடிலின் நிலைமை இதற்கு நேர்மாறு. இரத்த அழுத்த மருந்தாக வந்து, பக்கவிளைவாக முடி வளர்த்து, 1988இல் அமெரிக்காவில் தலைக்குத் தடவ அனுமதி பெற்றது. ஓய்விலிருக்கும் மயிர்க்கால்களை அது அவசரமாக எழுப்பிவிடுவதால் முதல் சில வாரங்களில் பழைய முடி கூடுதலாகக் கொட்டுகிறது. வேலை செய்யும் மருந்தை அந்தப் பயத்தில் கீழே போடுகிறவர்கள் உண்டு. வேலை செய்யாத எண்ணெய்க்கு இந்தச் சங்கடம் இல்லை.

நான் தைலக்கடை போடுவதென்றால் செய்யவேண்டியது எளிது. கிளினிக் வாசலில் டெங்கிக்காரர்கள் கூடும் மாதத்தைக் குறித்துக்கொள்வேன். அங்கிருந்து மூன்று மாதம் தள்ளி பாசார் மாலாமில் மேசை போடுவேன். பிரசவமான வீடுகளுக்குப் பிள்ளை சிரிக்கும்வரை காத்திருந்து ஒரு பாட்டில் அனுப்புவேன். ஆறு மாதம் தவறாமல் தடவவேண்டும், நடுவில் விட்டால் பலிக்காது என்று லேபிளில் கண்டிப்பாக அச்சடிப்பேன். பணம் திருப்பித் தருவதாகக்கூட உத்தரவாதம் கொடுக்கலாம், நஷ்டம் வராது. உச்சி மெலிந்து வரும் ஆண்களுக்கு மட்டும் பாட்டில் கிடையாது. அவர்கள் கடையின் பெயரைக் கெடுத்துவிடுவார்கள்.